எடுத்த இடம் எது?

வாசகர் கேள்வி - பதில்

சென்ற மாதம் பெரம்பலூர்ப் பக்கத்துச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தை, அதாவது கல்மரத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கின்றன. அரியலூர், பெரம்பலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் முப்பத்திரண்டு வருஷம் நிலவியல் வேலை பார்த்தவன் என்பதால், ஆசிரியர் எல்லாக் கடிதங்களையும் என்னிடமே தந்துவிட்டார். இந்த இதழ் முழுக்க அவற்றுக்குத்தான்.

ஐயா, கரூரிலிருந்து நானும் மனைவியும் எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் காரில் வருகிறோம். இரண்டு நாள் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?
- வாசகர், கரூர்

தை மாதம் வாருங்கள். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, ஏரியில் தண்ணீரும் இருக்கும்.

முதல் நாள் காலையில் நேராக வாரணவாசி. கீழப்பழுவூர் பக்கம் இருக்கிறது, அங்கேதான் அரசு புதைபடிவ அருங்காட்சியகம். பல கோடி வருஷத்துக்கு முன் இந்தச் சீமையில் கடல் இருந்தது, அதன் பிராணிகள் மண்ணில் புதைந்து கல்லானவைதான் இங்கே கிடைக்கிற புதைபடிவங்களில் பெரும்பாலானவை. "வெளியே நிலத்திலேயே கிடக்கும்போது எதற்குக் கண்ணாடிப் பெட்டி?" என்று சிலர் நேரே ஓடைக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போனவர்கள் முக்கால்வாசிப் பேர் வெறுங்கையோடும் வெறுங்கண்ணோடும்தான் திரும்புகிறார்கள். பழகாத கண்ணுக்கு அங்கே எல்லாமே கல். ஒரு முறை உள்ளே பார்த்து மனசில் பதிந்த வடிவத்தைத்தான் கண் வெளியே தேடிப் பிடிக்கும்.

அதனால் மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து மூன்றே மூன்று வடிவங்களை வரையச் சொல்லுங்கள். ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருண்டிருப்பது அம்மோனைட் என்ற கடல் பிராணியின் ஓடு. துப்பாக்கித் தோட்டா மாதிரி நீளமாக, ஒரு நுனி கூராக இருப்பது பெலம்னைட். கணவாய் மீனின் உறவுக்காரப் பிராணி ஒன்றின் உடம்புக்குள் இருந்த கெட்டியான பாகம் அது. தடித்து வளைந்த சிப்பி கிரைஃபியா. மூன்றும் போதும்.

அப்புறம், பொருளைப் பார்க்கிற அதே கவனத்தோடு கீழே இருக்கிற பெயர்ச்சீட்டையும் பாருங்கள். காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு. டவுன் பஸ் போய்வருகிற ஊர்கள் இவை. இதே பெயர்களைத்தான் உலகத்து நிலவியலாளர்கள் இந்தப் பாறை அடுக்குகளுக்கு வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரையில் 'கல்லங்குறிச்சி' என்ற பெயரை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அருங்காட்சியகத்துக்குப் போகிற நாள் வெள்ளிக்கிழமையாக இருக்க வேண்டாம். அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு அன்றுதான் விடுமுறை. எதற்கும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம், பழுவேட்டரையர்கள் ஆண்ட சீமை.

சாயங்காலம் கரைவெட்டி. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரப்புகிற ஏரி, பறவைகள் சரணாலயம். 2024 ஜனவரியில் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வந்து இறங்குகிற இடம். தலையில் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும், அதை வைத்து மகளே அடையாளம் சொல்லிவிடுவாள்.

இரண்டாம் நாள் விடியும்போதே காரையில் இருங்கள். இந்தப் பயணத்துக்கு உயிரே அதுதான். களிமண் பூமியை மழை அறுத்து அறுத்து ஆயிரம் சின்னப் பள்ளத்தாக்குகளாக ஆக்கி வைத்திருக்கிறது. ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிடையாது. சாய்ந்த வெயில் படும்போது மண்ணுக்குள் ஓடும் ஜிப்சம் நரம்புகள் உடைந்த கண்ணாடி மாதிரி மின்னும். நிற்காதீர்கள், குனிந்தே நடங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால், புதிதாகக் கழுவி வெளியே வந்த பெலம்னைட்டுகள் அங்கங்கே கிடக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஒன்பது மணிக்கு மேல் அங்கே குழந்தையை நிறுத்தக் கூடாது.

அங்கிருந்து சாத்தனூர் கிட்டத்தில்தான். கல்மரத்தைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பினால் பொழுதுக்குள் கரூர் போய்விடலாம். கங்கைகொண்ட சோழபுரம் எதிர்த் திசையில், ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அந்தக் கோயிலை ஓட்டமாகப் பார்ப்பது பாவம். அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொண்டு இன்னொரு முறை வாருங்கள்.

எங்கள் வயலில் கிணறு வெட்டியபோது பூசணிக்காய் அளவில் உருண்டைக் கல் வந்தது. டைனோசர் முட்டை என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், குன்னம் வட்டம்

நீங்கள் அனுப்பிய படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முட்டை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

2020 டிசம்பரில் உங்கள் குன்னம் பக்கத்திலேயே இப்படிப் பெரிய பெரிய உருண்டைகள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று செல்போன் செல்போனாகப் பரவியது நினைவிருக்கும். ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. பிறகு வந்து பார்த்த வல்லுநர்கள், அவை அம்மோனைட்டைச் சுற்றிக் கட்டிய உருண்டைகள் என்றார்கள். கடலடிச் சேற்றில் ஒரு பிராணி செத்து விழுகிறது. உடம்பு அழுகும்போது அதைச் சுற்றியுள்ள சேற்று நீரின் தன்மை மாறுகிறது. நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கே படிந்து சேற்றை இறுக்கிப் பிடிக்கிறது. நடுவிலிருந்து வெளியே வெளியே வளர்வதால் உருண்டையாகிறது. சுற்றியுள்ள களிமண் இளக்கமாகவே இருக்க, இது மட்டும் கெட்டிப்பட்டுவிடுகிறது. கோடி வருஷம் கழித்துக் களிமண் கரைந்தால் உருண்டை தனியே உருண்டு வரும்.

"அப்படியானால் 2009-இல் செந்துறைப் பக்கம் முட்டை கிடைத்தது என்றார்களே?" என்று கேட்பீர்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படி அறிவித்தது உண்மை. நாடு முழுக்க அது செய்தியானது. அதற்கப்புறம்தான் இந்தப் பக்கத்தில் எந்த உருண்டைக் கல்லைப் பார்த்தாலும் முட்டை என்கிற பேச்சு வந்தது. முட்டை என்றால் மெல்லிய ஓடு தனியாகத் தெரிய வேண்டும். அந்த ஓட்டை நுண்ணோக்கியில் வைத்தால் காற்றுப் போகிற துளைகள் தெரிய வேண்டும்.

சுத்தியலால் உடைத்துப் பார்க்க வேண்டாம். கிணற்றில் எத்தனை அடியில் வந்தது, மேலே என்ன மண், கீழே என்ன மண் என்று இன்றே எழுதி வையுங்கள், நாளைக்கு மறந்துவிடும். எழுதின தாளோடு, பக்கத்தில் நிலவியல் துறை இருக்கிற ஒரு கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அரியலூரில் டைனோசரே இருந்ததில்லையா அப்படியானால்?
- கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

இருந்தது, அம்மா. கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்ததைச் சார்லஸ் மேட்லி என்ற நிலவியலாளர் 1929-லேயே எழுதிவிட்டார். கடல் பின்வாங்கிய காலத்துப் பாறை அது, ஆற்றுப் படிவு. அதனால் அங்கே தரைப் பிராணிகளின் எலும்பு வருகிறது.

1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் அதே கல்லமேட்டுப் பக்கத்திலிருந்து மிகப் பெரிய எலும்புகளை விவரித்து, புருகத்கயோசாரஸ் மேட்லியி என்று பெயர் வைத்தார்கள். பிருகத் என்றால் பெரிய, காயம் என்றால் உடம்பு. பின்பாதி மேட்லியின் நினைவாக. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று எழுதினார்கள். முதலில் மாமிசம் தின்கிற வகையில் சேர்த்தார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள, தழை தின்கிற ராட்சதக் கூட்டத்தில் வைத்தார்கள். அந்த அளவு சரியென்றால் பூமியில் நடந்த மிகப் பெரிய பிராணிகளில் அது ஒன்று.

'என்றால்' என்று ஏன் சொல்கிறேன்? அந்த எலும்புகள் இன்றைக்கு இல்லை. ஏற்கனவே பொடிப்பொடியாக இருந்தவை, ஈரம் பட்டு உதிர்ந்து போயின. இடம் தெரியும், எந்த அடுக்கு என்று தெரியும், படமும் குறிப்பும் இருக்கின்றன. 2022-இல் அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் பழைய புகைப்படங்களை வெளியிட்டு, இது உண்மையான எலும்புதான் என்று வாதிட்டார்கள். பொருள் போன பின்பும் பேச முடிந்தது அந்தக் குறிப்புகளால்தான். நீங்கள் நிலவியல் படிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லமேட்டுக்குப் போங்கள். எலும்பு கிடைக்கும் என்பதற்காக இல்லை. அந்த மண் எப்படிப் பொலபொலவென்று உதிர்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்தால், என்ன இழந்தோம் என்பது விளங்கும்.

ஓடையில் கிடக்கும் கிளிஞ்சல் கல் ஒன்றை எடுத்து வந்தால் என்ன தப்பு? ஆயிரக்கணக்கில் கிடக்கிறதே?
- வாசகி, திண்டுக்கல்

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். கல்மரங்கள் கிடக்கிற சாத்தனூர், திருவக்கரை இரண்டும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியப் புவியியல் சின்னங்கள். அங்கே ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. சுரங்கங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது.

மற்ற இடங்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். என் கதையைச் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த புதிது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் முழுக்கச் சிப்பி மேல் சிப்பியாகக் கிடக்கும், பாதி உலகத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிடலாம் போல. அதில் ஒரு நாள் கல் அள்ளுகிற ஷவல் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் கீழே இறங்கி வந்து, "சார், பூப்போட்ட கல்லு" என்று உள்ளங்கையில் வைத்தார். கடல் முள்ளெலி. ஐந்து இதழ்ப் பூவை ஊசியால் குத்தி வரைந்தது மாதிரி அதன் முதுகில் துளைத்துளையாகக் கோலம். முள்ளெல்லாம் உதிர்ந்துவிட்டாலும் அந்தக் கோலம் அப்படியே இருந்தது. நான் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டில் ரேடியோ மேல் வைத்தேன். வந்தவர்கள் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். கல்லைக் கையில் எடுத்தார், திருப்பினார், முகம் மலர்ந்தது. "எடுத்த இடம் எது?" என்றார். கல்லங்குறிச்சி என்றேன். "எந்த பெஞ்ச்? அடியிலா, மேலேயா? கூட என்ன சிப்பி இருந்தது?" சுரங்கத்தில் படிப்படியாக வெட்டுகிற ஒவ்வொரு படியையும் பெஞ்ச் என்போம். எனக்கு எதுவும் நினைவில்லை. அந்த பெஞ்ச் அதற்குள் வெட்டி, அரைத்து, சிமெண்டாகி எந்த ஊர்ப் பாலத்திலோ நின்றுகொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கல்லை மெதுவாக ரேடியோ மேல் திருப்பி வைத்துவிட்டுக் காபியைக் குடித்தார். அவர் அதை வைத்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்றும் அது என் மேசையில் இருக்கிறது. அழகாக இருக்கிறது. அதற்கு மேல் அதனிடம் கேட்க வழியில்லை. அடிப்பகுதியில் கிடந்ததா மேற்பகுதியில் கிடந்ததா என்று தெரிந்திருந்தால், கடல் ஏறிய காலத்தில் வாழ்ந்ததா வடிந்த காலத்தில் வாழ்ந்ததா என்று அது சொல்லியிருக்கும்.

நீங்கள் எடுக்கிற ஒரு கல்லும் அப்படித்தான் ஆகும். ஆயிரம் கிடக்கிறது என்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நூறு பேர் வந்தால் எத்தனை நாளைக்கு ஆயிரம்? படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து எடுத்தால் அளவு தெரியும். செல்போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லைத் திரும்ப அதே பள்ளத்தில், கிடந்த மாதிரியே வைத்துவிடுங்கள்.

சாத்தனூர், திருவக்கரை - இரண்டில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால்?
- வாசகர், சென்னை

சென்னையிலிருந்து என்றால் திருவக்கரை பக்கம். திண்டிவனத்திலிருந்து போய்விடலாம், வக்கிரகாளியம்மன் கோயிலும் அங்கேயே. நூற்றுக்கணக்கில் கல்மரங்கள், ஏறத்தாழ 2 கோடி ஆண்டு வயது. பிரெஞ்சுக்காரர் சொன்னரா 1781-லேயே அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். வேரும் கிளையும் இல்லாமல் எல்லாம் படுத்தே கிடக்கின்றன. வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து போட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனாலும் என் மனசு சாத்தனூரில்தான். ஒரே மரம், 18 மீட்டர் நீளம். 12 கோடி ஆண்டு என்று சொல்வார்கள். ஊசியிலை வகை. ஆறு அடித்துக்கொண்டு போய்க் கடலில் தள்ளி, மிதந்து, மூழ்கி, கடல் மண்ணில் புதைந்த மரம். நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா அணு அணுவாக உள்ளே இறங்கிக் கல்லாக்கியது. 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் அதை வெளி உலகத்துக்குச் சொன்னார். தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்து, புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநராக ஆனவர். அங்கே பத்து நிமிஷத்தில் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மரத்தின் நீளத்துக்கு ஒரு முறை மெதுவாக நடந்துபோய், மறுபக்கமாகத் திரும்பி வாருங்கள்.

எங்கள் பூஜை அறையில் இருக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தானா? சொன்னால் மனம் புண்படுமோ என்று தயங்காமல் சொல்லுங்கள்.
- வாசகி, ஸ்ரீரங்கம்

சக்கரம் தெரிகிற சாளக்கிராமம் என்றால் ஆமாம். நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் வருகிறது. இமயமலை எழுவதற்கு முன் அங்கே இருந்த கடலின் பிராணி. நம் அரியலூர் அம்மோனைட்டைவிட மூத்தது. இரண்டு பூமியின் அம்மோனைட்டுகளையும் ஆராய்ந்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா என்ற நிலவியலாளர். இமயத்தில் ஸ்பிதியில் வேலை செய்தார், நம் திருச்சிச் சீமையின் புதைபடிவங்களைப் பெரிய தொகுதிகளாக எழுதி வைத்தார், 1874-இல் லடாக் மலையில் இறந்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதற்குத் துளசி சார்த்தியதில் எனக்கு மரியாதைதான் இருக்கிறது. கல்லுக்குள் உயிர் இருந்தது என்று அவர்கள் நம்பினார்கள், உயிர் இருந்ததும் நிஜம்தானே?

சுரங்கங்கள் புதைபடிவங்களை அழிக்கின்றனவே. அதில் வேலை பார்த்த நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- வாசகர், அரியலூர்

அழிக்கின்றன. நானும் அதில் சம்பளம் வாங்கினேன். வெட்டாமல் இருந்திருந்தால் அந்த அடுக்குகளில் பாதியை யாரும் பார்த்தே இருக்க மாட்டோம் என்பதும் உண்மை. ஆனால் பார்க்கிறதற்கும் அரைக்கிறதற்கும் நடுவே ஒரு நாள் அவகாசம் வேண்டும். புதிதாக ஒரு முகப்பு வெட்டினால், கிரஷருக்குப் போகுமுன் ஒரு நிலவியல் மாணவர் போய்ப் பார்த்து எழுதி வைக்க வழி வேண்டும். வேலை முடிந்த சில குழிகளில் ஒரு சுவரையாவது மண் மூடாமல் விட வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று அடுக்குகளை எண்ணிப் பார்க்கிற மாதிரி. நான் வேலையில் இருந்தபோதே இதைக் கேட்டிருக்க வேண்டும். இப்போதாவது கேட்கிறேன்.

தாத்தா, கடல் அரியலூருக்கு வந்ததா, இல்லை அரியலூர் கடலுக்குப் போனதா? காரையில் சுறா இருந்ததா?
- நான்காம் வகுப்பு மாணவன், பெரம்பலூர்

தம்பி, இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம். ரொம்பக் காலத்துக்கு முன்னால் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்தன. அவை பிரிந்தபோது நம் கரையோரம் கிழிந்து கீழே இறங்கியது. கடலும் அப்போது இன்றைக்கு இருப்பதைவிட உயரமாக இருந்தது. தரை இறங்க, தண்ணீர் ஏற, உங்கள் ஊருக்குள் கடல் வந்துவிட்டது. பல கோடி வருஷம் இருந்தது. நடுவில் பல முறை பின்னால் போய், திரும்பத் திரும்ப வந்தது.

சுறா இருந்தது. காரைக் களிமண்ணில் அதன் பல் கிடைக்கிறது. சுறாவுக்கு எலும்பு மெத்தென்று இருப்பதால் உடம்பெல்லாம் மக்கிப் போய்விடும், பல் மட்டும் நிற்கும். விழுந்த பல்லுக்குப் பதில் புதுப் பல் முளைத்துக்கொண்டே இருக்கும், அதனால் ஒரு சுறா நிறையப் பல்லை உதிர்த்துவிட்டுப் போகும். உன் சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. மினுமினுப்பாக இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடி. அப்பாவோடு காலையில் போ. கிடைத்தால் எந்த ஓடை, எந்தப் பக்கச் சரிவு, சரிவில் மேலேயா கீழேயா என்று எழுதி, பல்லைப் படமாக வரைந்து எனக்கு அனுப்பு. பல்லை அங்கேயே வைத்துவிடு.